கம்பைலரைக் காணோம்

"கம்பைலரைக் காணோம்னு மறுபடியும் சொல்லுதே!" பழைய கம்ப்யூட்டரின் மண்டையில் தட்டினான் கணவன். "அது இருக்கற இடத்தை செட்டிங்ஸ்ல எழுதிட்டேனே!"

கம்ப்யூட்டர் டீச்சரான மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். அவனோ ஏற்கெனவே திறந்திருந்த கறுப்புத் திரையிலேயே, புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் அந்தக் கம்பைலரைக் கூப்பிடும் கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்தான்.

அதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை. "ஐயோ! செட்டிங்கை மாத்தினது முன்னாடியே திறந்த திரைக்குத் தெரியாதுங்க. அதை மூடிட்டுப் புதுசாத் திறங்க. இதுகூடவா தெரியாது?"

அப்படியே செய்தான். கம்பைலர் ஓடியது.

"தெரியாம என்ன? ஆபீஸ்ல எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கறதே நான்தானே!" என்று சிரித்தான். "முந்தாநாள் சண்டைக்கப்புறம் நீ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வேற என்ன பண்றது?"