கழற்றிய டப்பா

தனசேகர் கன்னத்தில் விட்ட அறையில் வேன் டிரைவர் பென்னியின் மூக்குக்கண்ணாடி கழன்று ஆஸ்பத்திரி பார்க்கிங் தரையில் விழுந்தது.

"கொட்டொத்து பாபு!" அடிக்காதே என்று தெலுங்கில் கத்திக்கொண்டே வாட்ச்மேன் ஓடிவந்து தனசேகரின் கையைப் பிடித்தார்.

"உடுய்யா! என் பொண்ணு மேல வார்டுல மூச்சு வாங்கிக்கினு படுத்திருக்கா. இந்த ஆளு ஓட்டற ஸ்கூல் வேன்லதான் தெனமும் போறா. அடியில குனிஞ்சி பாரு, கன்வெர்ட்டரே இல்ல!"

வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. பென்னிக்குப் புரிந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர். அடித்தவனைவிட இருபது வயது பெரியவர். குனிந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

ரோஹிணிக்கு எட்டு வயது. நாலு மாதமாக இருமல். வெள்ளிக்கிழமை வேனிலிருந்து இறங்கும்போதே உதடெல்லாம் நீலம். சித்தூர் டாக்டர் கையை விரித்துவிட, திருப்பதிக்கு அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"குழந்தை தினமும் புகையைச் சுவாசித்திருக்கிறாள். எங்கிருந்து என்று கண்டுபிடியுங்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் காப்பாற்றுவது கஷ்டம்" என்று இங்கே டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டில் கேஸ் அடுப்பு. தனசேகருக்கு பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. எங்கிருந்து வந்தது புகை?

ஞாயிற்றுக்கிழமையாச்சே, குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பென்னி அதே வேனில் வந்து இறங்கியபோதுதான் அந்த வாடை தனசேகரின் மூக்கில் ஏறியது. மற்ற அப்பாக்களுக்குப் பிடிபடாத வாடை. அவன் குடிபாலா ஹைவேயில் வண்டிப் புகையைச் சோதிக்கும் பொல்யூஷன் சென்டர் வைத்திருக்கிறான். பன்னிரண்டு வருஷமாகப் புகையோடுதான் பிழைப்பு. காலையில் வேன் வீட்டுக்கு வருவதற்குள் அவன் கடைக்குக் கிளம்பியிருப்பான். அதனால் இந்த வண்டியின் பக்கத்தில் நின்றதே இல்லை.

"யோவ், தெரிஞ்சேதான் ஓட்டினியா? விஷப் புகைய அடக்கற டப்பாய்யா அந்த கன்வெர்ட்டரு. அத கழட்டறது சட்டப்படி தப்பு, ஆர்.சி.யையே நிறுத்தி வெச்சிடுவாங்க! அந்த எடத்துல வெறும் பைப்ப வெச்சி வெல்டிங் அடிச்சிருக்கே. ஜாயிண்ட்டு ஒழுகி, புகை பூரா பின் சீட்டுக்கு ஏறுது. என் பொண்ணு எங்க குந்தறா? பின் சீட்டுலதானே?"

"தெரியும் தம்பி."

அந்த ஒரு வார்த்தைக்கு இன்னொரு அறை விழுந்திருக்கும். அதற்குள் சத்தம் கேட்டு கன்னிகா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். பெற்றவள். இரண்டு நாளாகத் தூங்காத கண், வாரிமுடியாத தலை.

"நான் கழட்டலம்மா" என்று பென்னி அவளிடம்தான் சொன்னார். "நல்ல வெல கெடைக்குதுன்னு வேன் ஓனரு கோவர்த்தனன் கழட்டி வித்துட்டாரு. அன்னியிலேர்ந்து எனக்கே கண்ணு எரியுது. புள்ளைங்க இருமுதுங்கன்னு சொன்னேன். ஜன்னல தெறந்து வெச்சிக்கோன்னாரு."

"வேலைய உட்டுட்டுப் போறதுதானே?" என்று பாய்ந்தான் தனசேகர்.

"நான் போனா, வேற ஒருத்தன் ஜன்னல மூடிக்கினு ஓட்டுவான் தம்பி."

பென்னி மறுபடி கன்னிகாவின் பக்கம் திரும்பினார்.

"பொல்யூஷன் சர்டிபிகேட்டு முடியற நாளுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். டெஸ்ட்ல ஃபெயிலானா புதுசு மாட்டறேன்னு ஓனரு சொல்லியிருந்தாரு. வண்டி ஃபெயிலாவணும்னு சர்ச்சுல முட்டி போட்டு ஜெபம் பண்ணேம்மா. மூணு மாசத்துக்கு முன்னாடி அந்த நாளும் வந்திச்சி. வண்டிய எடுத்துக்கினு ஹைவே ஏறறேன், போன் வருது. 'திரும்பி வந்துடு, பாஸாயிடுச்சி'ன்றாரு."

"வண்டியே போவல, எப்படிண்ணா பாஸாவும்?" என்றாள் கன்னிகா.

"நம்பர் பிளேட்ட போட்டோ புடிச்சி வாட்ஸ்அப்ல அனுப்பினாராம். அஞ்சே நிமிஷத்துல வந்துடுச்சாம்."

கன்னிகா கத்திவிட்டாள். "எந்தப் பாவி அவன்? ஒரு நிமிஷம் மிஷின வெச்சிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே! மூணு மாசம் என் கொழந்த இந்தப் புகைய துன்னுக்கினு இருந்திருக்காளே! அந்தப் பேப்பர குடுண்ணா. இவரும் இந்த லைன்லதான் இருக்காரு, அவன சும்மா உடமாட்டாரு."

"வேணாம்மா. இப்ப அது எதுக்கு?" பென்னியின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

போட்டோவுக்கு சர்டிபிகேட் அடிப்பது அந்த ஹைவேயில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தவர்கள் கேட்டால் தனசேகரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி. எது யாருடையது என்று யார் பார்த்தார்கள்?

"இன்னா நின்னுக்கினு இருக்கீங்க? வாங்குங்க!" என்றாள் கன்னிகா.

அவன் கையை நீட்டினான். பென்னி அவன் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, நாலாக மடித்திருந்த காகிதத்தை மனசே இல்லாமல் கொடுத்தார்.

தனசேகர் பிரித்தான்.

மேலே கொட்டை எழுத்தில், 'ரோஹிணி பொல்யூஷன் டெஸ்டிங் சென்டர், குடிபாலா.' கீழே அவனுடைய கையெழுத்து.

வேனைப் பிடித்துக்கொண்டான்.

"யாருன்னு போட்டிருக்கு? சொல்லுங்களேன்!" கன்னிகா எட்டிப் பார்க்க வந்தாள்.

பென்னி அந்தக் காகிதத்தை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மறுபடியும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மழையில நனைஞ்சி பேரெல்லாம் அழிஞ்சி போச்சிம்மா. நீ மேல போ, கொழந்த தனியா இருக்கும்."