மதியத்தில் திறக்கும் ஓடை

ஓடை இருக்க வேண்டிய இடத்தில் கூழாங்கற்கள் மட்டும் கிடந்தன.

அவர் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். அடியிலும் கல்தான்.

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால், அதல பாதாளத்தில் ஜான்ஸ்கர் நதி. அவர்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கே போதும் அந்தத் தண்ணீர். இறங்க வழி கிடையாது. அதன் சத்தம்கூட இவ்வளவு உயரத்துக்கு ஏறி வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அல்வா.

எவர்சில்வர் பாட்டிலில் ஒரு வாய் மிச்சம்.

மனைவி ஆவுடை பாறை நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

ராத்தங்கிய ஊருக்குத் திரும்ப அரை நாள். போகிற ஊருக்கும் அதே தூரம். நடுவில் தண்ணீருக்கு இந்த ஓடை ஒன்றுதான்.

தப்பு அவருடையதுதான். முந்திப் போகிறவனுக்கே நல்ல சரக்கு என்பது மிளகாய் வத்தல் மண்டியில் வியாபாரம் பார்த்துப் படித்த பாடம். விடியுமுன்னே அவளை எழுப்பிக் கிளப்பிவிட்டார். தங்கியிருந்த வீட்டுக்காரி வாசல்வரை வந்து, வெயில் ஏறட்டும் என்று கைகாட்டினாள். குளிருக்குச் சொல்கிறாளாக்கும் என்று கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

பாட்டிலை நீட்டினார்.

ஆவுடை அண்ணாந்தாள். தொண்டை அசைந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

அவரும் அண்ணாந்தார்.

அவள் கண் மேலேயே நின்றது. சிகரத்துக்குக் கீழே நிழலில் கிடந்த பனிச்சரிவில் வெயில் இப்போதுதான் பட்டிருந்தது. பிறகு கீழே பார்த்தாள். பாறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வண்டல் கோடு. விரலால் தொட்டாள். இன்னும் காயவில்லை.

சிரித்துவிட்டாள்.

“ஏங்க, கடையே இன்னும் திறக்கல. அதுக்குள்ள பேரத்துக்கு வந்து நிக்கீங்க.”

பனி உருகி இறங்கினால்தான் ஓடை. நேற்று இறங்கியிருக்கிறது. இன்றைக்கும் இறங்கலாம். இறங்காவிட்டால், பிறகு திரும்பி நடக்கத் தெம்பிருக்காது.

அவர் வந்த வழியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

ஓடைக்கு முதுகு காட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“இப்படித் திரும்பு. ஆசையக் காட்டினா வெல ஏத்திருவான்.”

அவளும் திரும்பிக்கொண்டாள்.

எதிர்ப் பாறையில் நிழல் மெல்ல இறங்கியது. பாட்டில் இருவருக்கும் நடுவே போய்ப் போய் வந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு கூழாங்கல் அசைந்தது.

ஆவுடை திரும்பப் போனாள். முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

இன்னொன்று.

பிறகு, மூட்டை அவிழ்த்துத் தரையில் கொட்டுகிற சத்தம்.

வந்த தண்ணீரின் கலங்கல் போகும்வரை பொறுத்தார்கள். தெளிந்ததும், பிடிக்கலாம் என்று பாட்டில் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு வாய் தண்ணீர் அப்படியே இருந்தது.

தான் குடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆவுடை மும்முரமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கொட்ட மனசு வரவில்லை. அவளிடமே நீட்டினார். தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குடித்தாள்.

பாதியோடு நிறுத்தினாள்.