கடுகளவு பூ

மொட்டைமாடியில் இருந்த ஒரு சிமெண்ட் தொட்டியில் பகலில் பூக்கும் ஓர் அல்லியும், பச்சைப் புள்ளி மாதிரி மிதக்கும் ஒரு பாசியும் குடியிருந்தன. இடம் நெருக்கடி. பாசியை இடித்துவிடக் கூடாதே என்று அல்லி எப்போதும் பாதிதான் விரியும். அதன் பூ எலுமிச்சம்பழ அளவைத் தாண்டியதில்லை. பாசி என்று பேர்தானே ஒழிய, அதுவும் பூக்கும் செடிதான்; அதன் பூ கடுகளவுகூட இருக்காது.

"இவ்வளவுதானா வரும்?" என்று அல்லி குனிந்து பார்த்துக் கேட்கும்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இதைவிடப் பெருசா வந்ததில்ல" என்று பாசி சிரிக்கும்.

ஒருநாள் தொட்டியில் விரிசல் விட்டது. வீட்டுக்காரர் இரண்டையும் அள்ளிக்கொண்டுபோய் ஏரியில் விட்டார்.

ஏரியில் சேறு ஆழம், வெயில் தாராளம். அல்லியின் மொட்டு நாளுக்கு நாள் பருத்தது. ஆனாலும் பழைய பழக்கத்தில் அது இதழ்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றது.

"இங்க யாரை இடிக்கப் போற? நல்லா விரிஞ்சுக்கோ" என்றது பாசி.

அல்லி மெல்ல விரிந்தது. நீண்ட தண்டின் மேல், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்து நின்றது. ஏரியின் தேனீக்களெல்லாம் அதைத் தேடி வந்தன.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அல்லிக்குத் தொட்டி ஞாபகம் வந்துவிட்டது.

"அங்க கண் முழிச்சதும் உன் பூவைத்தான் முதல்ல பார்ப்பேன்" என்றது. "இங்க வந்ததுலேருந்து நீ ஏன் பூக்கறதே இல்ல?"

அதன் நிழலுக்குள்ளிருந்து பாசி சொன்னது: "இப்பவும் பூத்துத்தான் இருக்கேன்."