சுரங்கத்தைப் பார்த்து நின்றவர்கள்

"உடம்பு சரியில்லையாம் உடம்பு! கூரைப் பனியை ஒத்தை ஆளா தள்ளிக்கிட்டு நிக்கிறான்!"

வேனை நிறுத்தும்போதே மெர்லுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வெண்டல் அவருடைய நெடுநாள் நண்பர். பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில் மாடல் ரயில் கிளப்பை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். வெண்டல் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு குட்டி ஊரையே கட்டி, அதற்குள் ரயில் விட்டிருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதைப் பார்க்க வாசல்வரை ஆட்கள் நிற்பார்கள்.

அப்படிப்பட்டவர் நேற்று போனில், "உடம்புக்கு ஆகல. இனி எனக்கு ரயில் வேண்டாம். எல்லாத்தையும் கிளப்புக்கே எடுத்துட்டுப் போயிடு" என்றார்.

"என்னடா வியாதி உனக்கு? கல்லு மாதிரி இருக்க!"

வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உள்ள போ. ஆர்லீன் சொல்லுவா. நான் அட்டைப்பெட்டி எடுத்துட்டு வரேன்."

சமையலறையில் வெண்டலின் மனைவி ஆர்லீன் காபி ஊற்றி, ஆப்பிள் 'பை' பலகாரத்தை வெட்டித் தட்டில் வைத்தாள். வாரிய தலை, இஸ்திரி போட்ட உடை. வழக்கம்போல எல்லாம் கச்சிதம்.

"தலையிலதான் கோளாறு, மெர்ல்" என்றாள் மெதுவாக. "டாக்டர்கிட்ட ரெண்டு பேருமாப் போனோம். இந்த ரயில் வீட்டுலயே இருக்கக் கூடாதுன்னுட்டார்."

"வெண்டலுக்கா? என்ன பண்றான்?"

"டீலியாவுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்."

மெர்ல் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது.

டீலியா அவர்களுடைய ஒரே மகள். ஒரு கோடை விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு ரயிலேறிப் போனவள், அங்கே ஏரியில் மூழ்கி, சவப்பெட்டியில்தான் ஊர் திரும்பினாள். நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

"அவ வர்ற வண்டி இன்னும் வரலையாம். கீழே போய்ப் பாருங்க, உங்களுக்கே புரியும்."

மெர்ல் பேஸ்மென்ட் படிகளில் இறங்கினார்.

கீழே யாரும் இல்லை. ஆனால் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

குட்டி வீடுகளில் விளக்குகள் எரிந்தன. அந்த ஊர் மெர்லுக்குத் தலைகீழ்ப் பாடம். கத்தரியோடு நிற்கும் நாவிதர், ஏணியில் ஏறும் பெயின்டர், சர்ச் வாசலில் கல்யாண ஜோடி. விரல் நகத்தளவு பொம்மைகள், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஒரு வேலையாக இருக்கும்.

இன்று கடைகள் காலி. தெருக்கள் காலி. அத்தனை பொம்மைகளும் பிளாட்பாரத்தில் நெருக்கியடித்து நின்றன. அத்தனை முகங்களும் சுரங்கப்பாதையின் இருட்டையே பார்த்தன. மாடுகள்கூடத் திரும்பியிருந்தன.

சுரங்கத்தின் வாயருகே நிஜமான குழந்தை ஸ்வெட்டர் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் பால். மெர்ல் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

ரயில் சுரங்கத்துக்குள் புகுந்தது. சத்தம் தேய்ந்தது. பிறகு, மறுபடி இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்து பிளாட்பாரத்தில் நின்றது. காலிப் பெட்டிகள். யாருக்காகவோ காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பியது.

மெர்ல் ஒரு அடி பின்வாங்கினார்.

வெண்டல் பெட்டிகளோடு இறங்கி வந்து சுவிட்சை அணைத்தார்.

"அணைச்சாலும் திரும்ப ஓடும்" என்றார்.

"நீயாடா இதெல்லாம் பண்ணின?"

வெண்டல் படியின் மேல்பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஆர்லீன் நின்றிருந்தாள்.

"ஆமா. நான்தான்" என்றார், அவளுக்கும் கேட்கும்படி.

மூவரும் எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார்கள். ஆர்லீன் ஒவ்வொரு பொம்மையாக எடுத்துத் துணியில் சுற்றினாள். சில சமயம் கை நின்றுவிடும், சுரங்கத்தைத் திரும்பிப் பார்ப்பாள். ஸ்வெட்டரை மட்டும் வெகுநேரம் மார்போடு வைத்திருந்துவிட்டு, தானே பெட்டிக்குள் வைத்தாள்.

"உனக்காகத்தான் வெண்டல். நீ தெளிஞ்சா போதும் எனக்கு."

"சரிம்மா."

"இனி கீழே வரவே கூடாது."

"வரமாட்டேன்."

பெரிய மனுஷன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டியதைப் பார்க்க மெர்லுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது.

கடைசிப் பெட்டியை ஏற்றி வேன் கதவைச் சாத்தியதும் அவரால் வாயை அடக்க முடியவில்லை.

"இந்தா பாரு வெண்டல், டாக்டர் சொல்ற மாதிரி நட. செத்துப்போன பொண்ணு வருவான்னு பெத்தவ காதுபடப் பேசினா அவ எப்படித் தாங்குவா? உன்னால அந்த மனுஷி எவ்வளவு பட்டிருக்கான்னு தெரியுமா?"

"தெரியும்."

"கிளப்புல கேப்பாங்க. முதுகு வலின்னு சொல்லிடவா?"

"வேண்டாம். எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னே சொல்லு. எல்லாரும் அப்படியே பேசட்டும். ஆர்லீன் காதுக்கும் அதுதான் போகணும்."

"உனக்கென்ன நிஜமாவே மறை கழண்டுபோச்சா? தன் பேரைத் தானே கெடுத்துக்குவானா ஒருத்தன்?"

வெண்டல் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ஆர்லீன் அங்கிருந்து கையசைத்தாள். அவரும் சிரித்தபடி கையசைத்தார். அந்தச் சிரிப்பு மாறாமலே சொன்னார்:

"வியாதி அவளுக்குன்னு சொல்லியிருந்தா ஒரு பொம்மையைக்கூடத் தொட விட்டிருக்க மாட்டா, மெர்ல். எனக்குன்னு சொன்னதும், பெத்த பொண்ணு வர்ற வண்டியையே நிறுத்திட்டா."