ஏழே முக்கால் மணிக்கு

"இது அந்த டர்ரு பண்ண வேலைதான் தம்பி. என்னை இங்கேருந்து துரத்தணும், அவ்வளவுதான் அவருக்கு."

டைப் அடிக்கிற அக்கா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நம்பாம என்ன? ரத்தப் பரிசோதனைக் கூடம் அது. ரிப்போர்ட்டில் ஒரு தேதி தப்பா விழுந்தா போதும், அடிச்சவங்க முகத்துக்கு நேரா டர்ருனு கிழிச்சுப் போடுவார் அந்த சூப்பர்வைசர். பேர் வந்ததே அதனாலதான். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு எப்பவாவது போற எனக்கே அவரைக் கண்டா ஆகாது.

அக்காவுக்குப் போன வருஷம் வாதம் வந்து வலது கை விழுந்துபோச்சு. இடது கையால ஒவ்வொரு எழுத்தாத் தட்டுவாங்க. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தா அன்னைக்கு வேலையை அன்னைக்கே எப்படியோ முடிச்சுடுவாங்க. இன்னைக்கு மணி பத்தரை ஆச்சு, மெஷின் கண்ணைத் திறக்கல. சுவிட்சை அழுத்தினா காத்தாடி அரைச் சுத்து சுத்தும், நின்னுடும்.

நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துதாம். என்னைக்கும் லீவு போடாத மனுஷன் இன்னைக்கு லீவாம், இன்னைக்குன்னு பார்த்து மெஷின் படுத்துடுச்சாம். அது மட்டுமில்ல. அக்கா வர்றதுக்கு முன்னாடியே தினமும் மெஷின் ஆன் ஆகியிருக்குமாம், நாற்காலி சூடா இருக்குமாம். யாரோ உட்கார்ந்து நோண்டிட்டுப் போறாங்க. யாருன்னு சொல்லணுமா? மேலதிகாரிக்கு அவரைப் பத்தி ஒரு புகார் லெட்டர் பத்து நாளா அடிச்சு வச்சிருக்காங்க. அதுவும் இதுக்குள்ளதான் மாட்டிக்கிச்சு.

வயரைப் பார்த்தேன், பிளக்கைப் பார்த்தேன். மெமரி கார்டைக் கழட்டி ரப்பரால தேச்சுப் போட்டேன். ஊஹூம். கடைசியா என் பையில இருந்த பவர் சப்ளை பெட்டியை மாட்டினேன். உயிர் வந்துடுச்சு.

எப்ப ஆன் ஆச்சு, எப்ப நின்னுதுன்னு மெஷினுக்குள்ளேயே பதிவாகும். திறந்து பார்த்தேன். ஆறு மாசமா, தினமும் காலையில ஏழே முக்காலுக்கு ஆரம்பிச்சு எட்டே முக்கால் வரைக்கும் ஆன், ஆஃப், ஆன், ஆஃப்.

அக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. இப்படிப் போட்டுப் போட்டு அணைச்சா எந்த மெஷின்தான் தாங்கும்?

ரிப்பேர் புத்தகத்தில் எழுத சூப்பர்வைசரோட அனுமதி வேணும். ஆளை மாட்டிவிடலாம்னு அக்கா எதிரேயே அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வச்சுப் பேசினேன்.

காய்ச்சல்ல குரல் கரகரத்துச்சு. அக்காவோட மெஷினைப் பார்க்க வந்திருக்கேன்னேன். அவ்வளவுதான், என்னைப் பேசவே விடல.

"ஆன் ஆச்சா? ஒரு தடவை அழுத்திட்டு விட்டுடாதீங்க. முப்பது நாப்பது தடவை போட்டு அணைக்கணும். சூடேறினா பிடிச்சுக்கும்."

கழட்டி வச்ச பழைய பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்ளே கெப்பாசிட்டர் எல்லாம் உப்பிக் கிடந்துது. அது செத்து மாசக்கணக்காகுது. தினமும் ஒரு மணி நேரம் போராடி அதை யார் எழுப்பியிருக்காங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

"ஏன் சார், என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"நீங்க வந்தா புத்தகத்துல ஏறும். புத்தகத்துல ஏறின மெஷினுக்கு பதில் மெஷின் தர மாட்டாங்க, அந்த டைப்பிஸ்ட் வேலையையே எடுத்துடுவாங்க. இந்தக் கையோட அந்தம்மா வேற எங்க போய் வேலை தேடுவாங்க? அவங்களுக்கு இது தெரிய வேண்டாம். பயந்துட்டா இருக்கிற கையும் ஓடாது."

அக்கா நின்ன இடத்திலேயே நின்னாங்க. நான் பேனாவை மூடிட்டேன். கீபோர்டு துடைக்க வந்ததா எழுதிக்கறேன் சார்னு சொல்லிட்டு ஃபோனை வைக்கப் போனேன்.

"இருங்க, இன்னொண்ணு. அதுக்குள்ள அந்தம்மா என்னைப் பத்தி ஒரு புகார் அடிச்சு வச்சிருக்காங்க. படிச்சது என் தப்புதான். நான் ரிப்போர்ட்டைக் கிழிச்சது பதினாலாம் தேதின்னு போட்டிருக்காங்க. பதினாலு ஞாயித்துக்கிழமை, ஆபீஸே கிடையாது. பன்னிரண்டுன்னு திருத்தச் சொல்லுங்க தம்பி, இல்லேன்னா மேல எடுத்துக்க மாட்டாங்க."