சத்தம் போடாத படுக்கை

“இதுல புரண்டு படுத்தா சத்தம் வருதே. வேற காட்டுங்க.”

முகாம் சாமான்கள் விற்கும் அந்தக் கடையின் நட்ட நடுவில், விரித்துப் போட்ட காற்று மெத்தைமேல் ஒருக்களித்துப் படுத்தபடி அந்தப் பெண் சொன்னாள். நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவர் பார்ப்பார்களே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு பார்த்தாள். புரளும்போதெல்லாம் மெத்தை சரசரத்தது.

கடைக்காரருக்கு இந்தத் தொழிலில் இருபது வருஷம். படி ஏறி வரும்போதே யார் மலையேறுகிறவர், யார் சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிறவர் என்று சொல்லிவிடுவார். இவள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

“எந்தப் பக்கம்மா முகாம் போறீங்க?”

“எங்கயும் போகல. உள்ளேயேதான். சிமெண்ட் தரை.”

“அப்ப ஒரு கட்டில் போட்டுக்கலாமே.”

“கட்டில் சரிப்படாது சார். அவனை ஒட்டித் தரையிலதான் படுக்கணும். பக்கத்துல ஆள் இருக்கிறது தெரிஞ்சாத்தான் கண்ணை மூடுவான். நேத்து ஒரு கம்பளியை விரிச்சுப் படுத்தேன். காலையில இடுப்பு என்னுதாவே இல்ல.”

“குளிர் கீழேயிருந்துதான் ஏறும். மேல எத்தனை போர்த்தினாலும் பிரயோஜனம் இல்ல” என்றபடி அவர், தானே காற்றை இழுத்து உப்பிக்கொள்ளும் மெத்தை ஒன்றை எடுத்து விரித்தார். “இதுல படுத்துப் பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கும்.”

படுத்ததும் அவள் முகம் மலர்ந்தது. விலைச்சீட்டைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

“சொகுசாத்தான் இருக்கு. விலை கட்டுப்படியாகாது. அதோட, அவன் பாதி உடம்பைத் தூக்கி இதுமேலதான் போடுவான். ஓட்டை விழுந்துட்டா?”

“பையன் பெரியவனா?”

“சின்னவன்தான். ஆனா நல்ல வாட்டசாட்டம். படுக்கையையும் நனைச்சிடுவான்.”

மெத்தையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“அவன் அம்மா போய் நாலு நாளாச்சு. சரியாத் தூங்கல, பாலைத் தொடமாட்டேங்கறான். தூங்கினாத்தான் குடிப்பான், குடிச்சாத்தான் பிழைப்பான்னு டாக்டர் சொல்லிட்டார். யார் பாத்துக்கறதுன்னு எல்லாரும் கையைப் பிசைஞ்சாங்க. நான் இருக்கேன்னு சொல்லிட்டேன்.”

கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா போய்விட்டாள், பிள்ளையைத் தங்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவரையும் ஏழு வயதிலிருந்து சித்திதான் வளர்த்தாள். முதல் ஒரு மாதம் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் அவருக்குத் தூக்கம் வந்தது. இதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்குமேல் விலை உயர்ந்ததைக் காட்ட மனம் வரவில்லை. உள்ளே போய், விசிறிபோல மடிகிற கெட்டி ஃபோம் பாய் இரண்டை எடுத்து வந்து ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தார்.

“இதுல காத்தே கிடையாது, ஓட்டை விழுமேங்கற கவலையும் இல்ல. ஒண்ணு போட்டா தரை உறுத்தும். ரெண்டு போட்டா இடுப்புக்கும் சுகம், குளிரும் ஏறாது. நனைஞ்சா துணியால ஒரு துடை, அவ்வளவுதான். ரெண்டும் சேர்ந்தே அந்த மெத்தையில பாதி விலை வராது.”

அவள் படுத்தாள். புரண்டாள். சத்தமே இல்லை. கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிவிட்டாளோ என்று அவர் நினைத்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

“இதுதான் சார். இன்னிக்கு அவன் தூங்கிடுவான்.”

அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை.

“கண்டிப்பாத் தூங்குவான்மா. என்னையும் சித்திதான் வளர்த்தாங்க. அம்மான்னு கூப்பிட எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இவனும் உடனே கூப்பிடலைன்னா மனசுல வெச்சுக்காதீங்க.”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“எப்படிக் கூப்பிட்டா என்ன சார். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாப் போதும். குரலைக் கேட்டே நாலு நாளாச்சு.”

கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

“நீங்க தூக்கிட்டு அலைய வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள நானே வண்டியில கொண்டாந்து தரேன். வீட்டு விலாசம் சொல்லுங்க.”

“வீட்டுக்கு வேண்டாம், அவன் இருக்கிற இடத்துக்கே கொண்டாந்துடுங்க” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. “ஹாரன் மட்டும் அடிக்காதீங்க, பிறந்து மூணு வாரம்தான் ஆகுது, மிரண்டுடுவான். எழுதிக்குங்க சார்: மிருகக்காட்சி சாலை, பின்வாசல், யானைக் கொட்டில்.”