டப்பாவில் கறி இருந்தவர்கள்

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். வேணும்னா என்னை வேலையை விட்டு நிறுத்திக்குங்க."

காஜா அக்கா அந்தத் தாளை மேலாளர் பக்கமே தள்ளிவிட்டாள். சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். அந்தத் தையல் கம்பெனியில் அவள் பெயரே அதுவாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வளாகத்தில் இடி விழுந்து நாலு பேருக்கு அடிபட்டது. அதில் ஒருத்தி அவளுடைய தங்கை. உயிர் தப்பிவிட்டாள். இடது காதுதான் இன்னும் கேட்கவில்லை.

மறுநாளே மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒன்று ஒட்டினார். கறியும் மீனும் உடம்புச் சூட்டைக் கிளப்பி மின்னலை இழுக்கிறதாம். இனி யாரும் அதைக் கம்பெனிக்குக் கொண்டுவரக் கூடாதாம். கூடவே, 'எங்கள் சாப்பாடுதான் விபத்துக்குக் காரணம், நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதிய தாளில் நாலு வீட்டாரிடமும் கையெழுத்துக் கேட்டார். மூன்று வீட்டார் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

தங்கையே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "நான் சாப்பிட்டதாலதானாக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் காஜா அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த நாள் மீன் வறுத்து எடுத்து வந்தாள். வாசலில் டப்பாவைத் திறக்கச் சொன்ன காவலாளியிடம், ஒரு துண்டு வேண்டுமா என்று கேட்டாள். அதற்கடுத்த நாளும் மீன்தான்.

இன்று தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. மேலாளர்தான் பேசினார்.

"முந்நூறு பேர் வேலை பார்க்கற இடம் மேடம். அடிபட்டது நாலே பேர். நாலு பேர் டப்பாவுலயும் கறி. மத்தவங்க யாருமே அன்னிக்குக் கறி கொண்டு வரலை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

சாப்பாட்டுக்கும் மின்னலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்றுதான் தான் படித்திருப்பதாக ஆய்வாளர் சொன்னார். ஆனாலும் இது இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போவது அவருக்கே விசித்திரமாக இருந்தது. காஜா அக்காவிடம் திரும்பி, மேலாளர் சொன்னதில் ஏதாவது பொய் உண்டா என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அவங்க சாப்பிட்டதுக்கும் இடி விழுந்ததுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நீங்களும் ஒத்துக்கறீங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"ஒத்துக்கறேன். அன்னிக்கு டப்பாவுல கறி இல்லாம இருந்திருந்தா, என் தங்கச்சிக்கு இன்னிக்கு ரெண்டு காதும் கேட்கும்."

மேலாளர் அவசரமாகப் பேனாவை நீட்டினார். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, காஜா அக்கா நிதானமாக எழுதினாள். தாளை ஆய்வாளரிடமே கொடுத்தாள். அவர் அதை வாய்விட்டுப் படித்தார்:

"கறி, மீன் கொண்டுவருகிறவர்கள் சாப்பாட்டு அறைக்குள் நுழையக் கூடாது என்று மேலாளர் ஆறு மாதமாக வைத்திருக்கும் சட்டப்படி, அன்றைக்குக் கொட்டுகிற மழையில் அந்த நாலு பேரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்."